கூட்டம் கூடினால் நல்ல கல்லூரியா? தக்கலைக் குடும்பம் ஒன்றின் இரண்டு சேர்க்கை முடிவுகள்

2024 ஏப்ரலிலும் மே மாதத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஒரு குடும்பத்தில் அடுத்தடுத்து இரண்டு கல்லூரி முடிவுகள் எடுக்கவேண்டி வந்தது. அண்ணன் குடும்பம் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸ் நகரை ஒட்டி. அண்ணி செவிலியர், முதலில் வளைகுடா, பிறகு அமெரிக்கா என்று நம் மாவட்டத்துச் செவிலியர்கள் பலர் போன அதே பாதையில் போனவர். அவர்கள் மகள் அங்கே பள்ளிப்படிப்பை முடித்துக்கொண்டிருந்தாள். தம்பி ஊரிலேயே ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறார். அவர் மகள் பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். பெயர்கள் வேண்டாம், வீட்டில் கூப்பிடுவதுபோல அக்கா, தங்கை என்றே எழுதுகிறேன்.

தம்பி என்னிடம் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் படித்தவர். நான் ஓய்வு பெற்ற பிறகும் மே மாதம் வந்துவிட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கல்லூரி பற்றிக் கேட்க வருகிறவர்கள் உண்டு. அப்படித்தான் இந்த இரண்டு முடிவுகளும் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தன. இரண்டையும் சேர்த்து எழுதக் காரணம், கடல் கடந்த இரண்டு இடங்களிலும் வீட்டார் கையில் எடுத்த அளவுகோல் ஒன்றாகவே இருந்தது. எங்கே இடம் கிடைப்பது கஷ்டமோ, அங்கேதான் படிப்பு நன்றாக இருக்கும். அரசுப் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை அந்த அளவுகோல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதே இந்த ஆய்வு.

அக்காவின் முடிவு

தம்பி போனில் ஒரு படத்தைக் காட்டினார். வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் அனுப்பும் ஓர் ஏஜென்சி சுற்றுக்கு விட்ட பட்டியல் அது. டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்கள் வரிசையாக. எதிரே விண்ணப்பித்தவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு இடம் கொடுக்கிறார்கள் என்ற எண். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் வளாகங்களில் ஆஸ்டின் முப்பதுக்குக் கீழே, டாலஸ் அறுபதுக்கு மேலே, ஆர்லிங்டன் இன்னும் மேலே. சின்ன எண் உள்ளதற்கு ஐந்து நட்சத்திரம், பெரிய எண் உள்ளதற்கு இரண்டு.

"டீச்சர், நூறு பேர் கேட்டா அறுபது பேருக்கு மேல எடுக்காங்களாம். அப்படி எல்லாரையும் எடுத்தா அது என்ன காலேஜ்? அண்ணன் ஆஸ்டின்தான்னு சொல்லுகாரு. பிள்ளைக்கு மனசு டாலஸ்ல இருக்கு."

அவள் மனசு டாலஸில் இருந்ததற்குக் காரணம் இருந்தது. அவள் கேட்டது கணினி அறிவியல். ஆஸ்டின் சேர்க்கை கொடுத்தது, ஆனால் கேட்ட துறையில் இடமில்லை, வேறு துறை. டாலஸ் வளாகம் கேட்ட துறையையும் கொடுத்து, உதவித்தொகையும் கொடுத்தது. இருந்தும் அந்தப் படத்தில் இருந்த எண் பெரியவர்களைப் பிடித்து ஆட்டியது.

அந்த எண்ணைப் பிரித்துப் பார்ப்போம். மேலே நிற்பது சேர்க்கை கிடைத்தவர்கள், கீழே நிற்பது விண்ணப்பித்தவர்கள். மேலே உள்ளதை இருக்கைகளின் எண்ணிக்கையும், இடம் கிடைத்தும் வராமல் போகிறவர்கள் எத்தனை என்ற கணக்கும் தீர்மானிக்கின்றன. கீழே உள்ளதை ஊர், கட்டணம், பெயர், விண்ணப்பிப்பதன் சிரமம், சட்டம் ஆகியவை தீர்மானிக்கின்றன. வகுப்பறையில் யார் நிற்கிறார், என்ன நடத்துகிறார், சோதனைச்சாலையில் எத்தனை பேருக்கு ஒரு கருவி என்பது இரண்டிலுமே இல்லை.

கலிஃபோர்னியாவில் இதற்கு வெளிப்படையான ஒரு சாட்சி இருக்கிறது. 2020-ல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகத்துக்கு முதலாண்டில் சேரச் சுமார் 1,09,000 பேர் விண்ணப்பித்தார்கள். நூற்றுக்குப் பதினான்கு பேர் சுமாருக்கு இடம் கிடைத்தது. அந்த மே மாதம் பல்கலைக்கழக ஆட்சிக்குழு எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வுகளின் மதிப்பெண் கட்டாயமில்லை என்று முடிவெடுத்தது. அடுத்த ஆண்டு விண்ணப்பம் 1,39,000-ஐத் தாண்டியது. சேர்க்கை விகிதம் பதினொன்றுக்குக் கீழே இறங்கியது. 2023-ல் விண்ணப்பம் 1,46,000-ஐ நெருங்க, விகிதம் ஒன்பதுக்கும் கீழே போனது. ஏஜென்சியின் நட்சத்திரக் கணக்குப்படி அந்த வளாகம் ஒரே வருடத்தில் பெரிய அளவில் உயர்ந்திருக்க வேண்டும். அந்த ஒரு வருடத்தில் அங்கே நடந்ததோ, பெருந்தொற்றில் வகுப்புகள் வீட்டுக் கணினிக்கு மாறியதுதான். மாறியது வாசலில் நின்ற கூட்டம். பேராசிரியர்கள் பழையவர்களே, பாடத்திட்டமும் பழையதே.

டெக்சாஸுக்கு வருவோம். இங்கேதான் அந்தப் பட்டியல் அக்காவுக்கு முழுக்கத் தவறான தகவலைக் கொடுத்தது. 1997-ல் டெக்சாஸ் சட்டமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மாநிலத்தின் எந்தப் பள்ளியாக இருந்தாலும், தன் வகுப்பில் மேல் பத்து சதவீதத்துக்குள் வரும் பிள்ளைக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் உண்டு. பணக்காரப் புறநகர்ப் பள்ளியும் எல்லையோர ஏழைப் பள்ளியும் இந்தக் கணக்கில் சமம். நம்மூர் இடஒதுக்கீட்டு விவாதங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும். ஆஸ்டின் வளாகம் இந்த வழியிலேயே நிரம்பி வழிந்ததால், 2009-ல் சட்டத்தைத் திருத்தி அந்த வளாகத்துக்கு மட்டும் வரம்பு போட அனுமதித்தார்கள். 2024-ல் சேர்ந்தவர்களுக்கு அந்த வரம்பு ஆறு சதவீதம். 2026 முதல் ஐந்து.

அக்கா தன் பள்ளியில் அந்த ஆறு சதவீதத்துக்குள் இருந்தாள். அதாவது அவளைப் பொறுத்தவரை ஆஸ்டினின் சேர்க்கை விகிதம் முப்பதுக்குக் கீழே அல்ல, நூறு. சட்டப்படி அவளுக்கு இடம் உறுதி. ஆனால் சட்டம் வளாகத்துக்குத்தான் இடம் தருகிறது, துறைக்குத் தருவதில்லை. கணினி அறிவியலுக்கு அங்கே நெருக்கடி மொத்த எண்ணைவிடப் பல மடங்கு. ஆக, படத்தில் இருந்த எண் அவளுடைய எண்ணாகவும் இல்லை, அவள் கேட்ட துறையின் எண்ணாகவும் இல்லை. வரம்புக்குள் வந்தவர், வராதவர், வெளிமாநிலத்தார், வெளிநாட்டார் எல்லோரையும் ஒரே பாத்திரத்தில் கலக்கி எடுத்த சராசரி அது.

துறைக்குத் துறை எவ்வளவு மாறும் என்பதற்கு இல்லினாய் மாநிலத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் பல்கலைக்கழகத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது, அதுவும் இயற்பியல் ஆசிரியையால். ஜான் பர்டீன் 1951 முதல் பேராசிரியராக இருந்த இடம் அது. இயற்பியலில் இரண்டு முறை நோபல் பரிசு பெற்ற ஒரே மனிதர். மின்தடையே இல்லாமல் மின்சாரம் பாயும் மீகடத்துதிறன் ஏன் ஏற்படுகிறது என்பதை அவரும் கூப்பரும் ஷ்ரீஃபரும் 1957-ல் விளக்கியது அங்கே இருந்தபோதுதான். அதற்காகத்தான் 1972-ன் பரிசு. அந்தப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் விண்ணப்பித்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இடம் கொடுத்துவந்தது. அதே வளாகத்தில் கணினி அறிவியலில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. இரண்டு எண்களில் எதை வைத்து அந்தப் பல்கலைக்கழகத்தின் தரத்தைச் சொல்வது?

இன்னொன்றும் இருக்கிறது. யார் விண்ணப்பிக்கவே முடியும் என்பதை முன்கூட்டியே அரசு வடிகட்டிவிடும் இடங்களும் உண்டு. கலிஃபோர்னியாவின் 1960-ம் ஆண்டு உயர்கல்வித் திட்டப்படி, பள்ளி முடிப்பவர்களில் மேல் எட்டில் ஒரு பங்கினர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு. மேல் மூன்றில் ஒரு பங்கினர் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு. சமுதாயக் கல்லூரிகள் எல்லோருக்கும். 2005-ல் தொடங்கிய மெர்சட் வளாகம் அந்த முதல் வகையைச் சேர்ந்தது. பத்துப் பேர் கேட்டால் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு இடம் கொடுக்கிறது. பட்டியலில் பார்த்தால் எல்லோரையும் அள்ளிப் போடும் கல்லூரி. ஆனால் கேட்டு வருகிறவர்களே மேல்தட்டு மதிப்பெண்காரர்கள். 2025-ல் அமெரிக்காவின் கார்னகி வகைப்பாட்டில் ஆராய்ச்சிக்கான முதல் வரிசையிலும் அந்த வளாகம் சேர்ந்துவிட்டது.

எண்ணில் ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. அதை மறைத்துப் பேசினால் தம்பி போன்றவர்களுக்கு நான் செய்வது துரோகம். சேர்க்கை கடினமான வளாகங்களில் பட்டத்தை முடித்து வெளியேறுகிறவர்களின் விகிதம் பொதுவாக அதிகம். ஆறு ஆண்டுக்குள் பட்டம் முடிப்பவர்கள் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல். மெர்சட்டில் மூன்றில் இரண்டு பங்கைச் சுற்றி. ஆஸ்டினில் எண்பத்தைந்துக்கும் மேல். டாலஸில் எழுபதைச் சுற்றி. இந்த வித்தியாசம் சிறியதல்ல.

ஆனால் அதற்குக் காரணம் வகுப்பறையா, வந்து சேர்கிற பிள்ளைகளா? மெர்சட்டில் பெரும்பாலோர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள், பணம் கட்ட முடியாமல் ஒரு வருடம் நிறுத்துகிறவர்கள் அங்கே அதிகம். நம்மூரில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டும் பள்ளி, ஒன்பதாம் வகுப்பிலேயே சுமாரான பிள்ளைகளுக்கு டி.சி. கொடுத்து அனுப்பியிருக்கும். அந்த நூறு எப்படி வந்தது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இந்தச் சிக்கலை அவிழ்க்க அமெரிக்கப் பொருளியலாளர்கள் உழைத்திருக்கிறார்கள். ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. கடினமான கல்லூரிக்கும் எளிதான கல்லூரிக்கும் விண்ணப்பித்து, எளிதானதில் சேர்ந்தவர்கள் பிற்காலத்தில் என்ன சம்பாதித்தார்கள் என்று பார்த்தார்கள். அதே திறமையும் அதே ஆசையும் உள்ளவர்களோடு ஒப்பிட்டால், கல்லூரியின் கடினம் வருமானத்தை ஏற்றவில்லை. விதிவிலக்கு, வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுக்குக் கடினமான கல்லூரி பலன் தந்தது. மார்க் ஹோக்ஸ்ட்ராவின் 2009 ஆய்வு, ஒரு மாநிலத்தின் முதன்மை அரசுப் பல்கலைக்கழகத்தில் மயிரிழையில் இடம் கிடைத்தவர்களையும் மயிரிழையில் தவறியவர்களையும் ஒப்பிட்டது; வெள்ளையின ஆண்களிடையே, கிடைத்தவர்கள் இருபது சதவீதம் அளவுக்கு அதிகம் சம்பாதித்தார்கள். இது அண்ணன் பக்கத்து வாதத்துக்கு வலு.

எனக்கு மிகவும் பிடித்தது செத் சிம்மர்மன் 2014-ல் வெளியிட்டது. அவர் உச்சியைப் பார்க்கவில்லை, கடைசிப் படியைப் பார்த்தார். ஃபுளோரிடா சர்வதேசப் பல்கலைக்கழகம் மயாமியில் உள்ள அரசு நிறுவனம். அப்போது அந்த மாநிலப் பல்கலைக்கழகங்களில் சேர்க்கை வரம்பு மிகக் குறைவாக இருந்த இடங்களில் ஒன்று. அங்கே வரம்பை மயிரிழையில் தாண்டி உள்ளே போனவர்கள், தாண்டாமல் நின்றவர்களைவிட இருபத்திரண்டு சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். கதவு அகலமாக இருந்த கல்லூரி, நட்சத்திரப் பட்டியலில் கடைசியில் நிற்கக்கூடிய கல்லூரி, சுமாரான மதிப்பெண் பிள்ளைகளின் வாழ்க்கையை அந்த அளவுக்கு மாற்றியிருக்கிறது. கல்வித் தரம் என்று எதைச் சொல்கிறோமோ அதில் இதைவிடப் பெரிய பங்கு வேறு எதற்கு இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவில் தரவரிசை போட்டுப் பிழைக்கும் 'யு.எஸ். நியூஸ்' பத்திரிகையே 2018-ல் தன் கணக்கிலிருந்து சேர்க்கை விகிதத்தை எடுத்துவிட்டது. நம் மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை 2016-ல் முதன்முதலாக வந்தது. பல்கலைக்கழகங்களுக்குக் கற்பித்தலும் வளங்களும் முப்பது, ஆராய்ச்சி முப்பது, பட்டம் முடிப்போரின் நிலை இருபது, எல்லோரையும் உள்ளே கொண்டுவருவது பத்து, வெளியார் கருத்து பத்து என்று மதிப்பெண் பிரிக்கிறது. எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினாய் என்பதற்கு அதில் தனி மதிப்பெண் கிடையாது. எத்தனை வகைப் பிள்ளைகளை உள்ளே விட்டாய் என்பதற்கு மதிப்பெண் உண்டு.

அண்ணனோடு வீடியோவில் பேசினோம். நான் கேட்டது இரண்டே கேள்வி. ஆஸ்டினில் வேறு துறையில் சேர்ந்து, பிறகு கணினி அறிவியலுக்கு மாறுவது நடக்குமா? அவர்கள் விசாரித்துவிட்டு, மிகவும் கஷ்டம் என்றார்கள். சேராமல் விட்டால் அவள் இழப்பது படிப்பையா, பெயரையா? அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பெயரும் ஒரு சொத்துதான டீச்சர்" என்றார். அதை நான் மறுக்கவில்லை. அவளுக்குக் கொடுத்த துறை அவளுக்குப் பிடித்ததாக இருந்திருந்தால் ஆஸ்டின் என்றே நானும் சொல்லியிருப்பேன்.

அவள் டாலஸில் சேர்ந்தாள். அந்தப் பல்கலைக்கழகம் 1969-ல் அரசிடம் வந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனர்கள் தங்கள் தொழிலுக்குப் படித்த ஆட்கள் வேண்டும் என்று தொடங்கிய ஆராய்ச்சி மையம்தான் அதன் வேர். 1990 வரை முதலாண்டு மாணவர்களையே சேர்த்ததில்லை. அப்படி ஒரு பல்கலைக்கழகத்துக்கு, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுப் பழைய ஆஸ்டின் வளாகத்துக்கு நிற்கும் கூட்டம் நிற்காதது இயல்பு.

தங்கையின் முடிவு

மே 6-ம் தேதி பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. தங்கைக்கு நல்ல மதிப்பெண். பிள்ளைக்கு இயற்பியல் பிடிக்கும். மகேந்திரகிரியில் இஸ்ரோ என்ஜின் சோதனை செய்யும் செய்தி வந்தால் வெட்டி ஒட்டி வைப்பவள். வீட்டில் சொன்னது பி.சி.ஏ. இரண்டுமே நாகர்கோவில் பக்கம் ஒரே கல்லூரியில் இருந்தன. கல்லூரி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1990-ல் தொடங்கிய அந்த அரசுப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தைத்தான் இரண்டு பாடத்திலும் கொடுப்பார்கள்.

அந்த வளாகத்துக்குள் இரண்டு வகை உண்டு என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். இயற்பியல் அரசு உதவி பெறும் பிரிவு: ஆசிரியர் சம்பளம் அரசு கொடுக்கிறது, கட்டணம் குறைவு. பி.சி.ஏ. சுயநிதிப் பிரிவு: சம்பளம் மாணவர் கட்டணத்திலிருந்து, கட்டணம் பல மடங்கு. ரேங்க் லிஸ்ட் ஒட்டிய அன்று பி.சி.ஏ. பலகை முன்னால் கால் வைக்க இடமில்லை. காத்திருப்போர் பட்டியல் மூன்று தாள். இயற்பியலுக்குக் கேட்ட எல்லோருக்கும் இடம், அதற்குப் பிறகும் காலி. சமீப ஆண்டுகளில் மாவட்டம் முழுக்க, மாநிலம் முழுக்கவும், கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் நடப்பது இதுதான். பி.காம்., கணினி சார்ந்த பாடங்கள் நிரம்புகின்றன, அடிப்படை அறிவியல் காலியாகிறது.

"யாருமே சேராத கோர்ஸ்ல கொண்டு போட்டா நாளைக்கு பிள்ளை என்னைக் கேக்காதா டீச்சர்?" என்றார் தம்பி. அமெரிக்காவின் அறுபது சதவீதம், இங்கே நூறு சதவீதம் ஆகியிருந்தது, அவ்வளவே.

நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தில் ஒரு பஸ்ஸுக்கு முன்னால் கூட்டம் முட்டி மோதினால், அந்த ஊருக்கு அன்றைக்கு ஒரே வண்டிதான் என்று அர்த்தம். வண்டியின் என்ஜினைப் பற்றி அந்தக் கூட்டம் ஒன்றும் சொல்வதில்லை. என்ஜினைப் பார்க்கலாம் என்று மூவரும் கல்லூரிக்குப் போனோம்.

இயற்பியல் துறையின் இருட்டறையில் ஓர் உதவிப் பேராசிரியை இருந்தார். விடுமுறை நாள்தான். தங்கை கேட்டதும் சோடியம் விளக்கைப் போட்டு, நிறமாலைமானியின் முன் அவளை உட்காரவைத்தார். விளக்கு சூடேறி மஞ்சள் ஆகும் வரை பிளவைக் குறுக்குவது எப்படி, தொலைநோக்கியின் குறுக்குக் கம்பி தெளிவாகத் தெரிய எதைத் திருக வேண்டும் என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். ஒளியைப் பிரித்துக் காட்டும் கீற்றணியை வைத்து, தொலைநோக்கியை மெல்ல நகர்த்தச் சொன்னார். முதல் வரிசையில் ஒரு மஞ்சள் கோடு. "இன்னும் போ மக்ளே, ரெண்டாவது வரிசைக்கு." அங்கே கோடு இரண்டாகப் பிரிந்து நின்றது. 589.0, 589.6 நானோமீட்டர். அந்த 0.6 வித்தியாசத்தைப் பிளஸ் டூவில் அவள் எண்ணாகக்கூடப் பார்த்ததில்லை. கண்ணை எடுக்காமல், "அப்பா, ரெண்டு இருக்கு" என்றாள். தம்பியும் குனிந்து பார்த்தார்.

நான் கவனித்தது வேறு. நிறமாலைமானிகள் பழையவை, ஆனால் எண்ணெய் போட்டுத் துடைத்து, வெர்னியர் அளவு தேயாமல் இருந்தன. இரண்டு பேருக்கு ஒரு கருவி. துறையில் நிரந்தர ஆசிரியர்கள், முனைவர் பட்டம் உள்ளவர்கள், ஒரே பாடத்தைப் பல வருடம் நடத்தியவர்கள். ஓய்வு பெற்றவர்களின் பணியிடம் இரண்டு நிரப்பாமல் கிடந்தது; அதையும் துறைத்தலைவர் ஒளிக்காமல் சொன்னார்.

பி.சி.ஏ. பக்கமும் போனோம். கணினிகள் புதியவை, ஆய்வகம் குளிரூட்டியது. வகுப்பில் அறுபது பேர். கற்பிக்கிறவர்கள் இளைஞர்கள், ஆர்வம் உள்ளவர்கள், தொகுப்பூதியம். கடந்த வருடம் இருந்தவர்களில் பாதிக்கு மேல் இந்த வருடம் இல்லை என்று அவர்களில் ஒருவரே சொன்னார். நல்ல சம்பளம் கிடைத்தால் அவரும் போவார், போகத்தான் வேண்டும். கணினியில் ஆசை உள்ள பிள்ளைக்கு அந்த வகுப்பு பயன்படாது என்று நான் சொல்லவில்லை. அந்த மூன்று தாள் காத்திருப்போர் பட்டியலுக்கும் அந்த வகுப்பறைக்கும் தொடர்பில்லை என்கிறேன். பட்டியல் ஐ.டி. வேலை பற்றி ஊரில் உள்ள நம்பிக்கையிலிருந்து வந்தது.

பொறியியலிலும் மருத்துவத்திலும் நாம் கூட்டத்தை இன்னும் நுட்பமாக எண்ணுகிறோம். பொறியியலில் 200-க்கு எத்தனை கட் ஆஃப், எந்தக் கல்லூரியில் எதில் முடிந்தது என்று கலந்தாய்வுக் காலத்தில் சாயாக்கடையில்கூட ஒப்பிப்பார்கள். போன வருடக் கட் ஆஃப் உயர்ந்திருந்தால் இந்த வருடம் நல்ல மதிப்பெண்காரர்கள் அதையே முதலில் எழுதுகிறார்கள், அதனால் மறுபடி உயர்கிறது. தன்னைத் தானே தூக்கிக்கொள்ளும் எண் அது. 2024 நீட் தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள் சுமார் 24 லட்சம், நாட்டில் எம்.பி.பி.எஸ். இடம் ஒரு லட்சத்துச் சொச்சம். அந்தக் கணக்கில் எல்லா மருத்துவக் கல்லூரியும் அபாரமானதே. எந்த மருத்துவமனையில் நோயாளிகள் எத்தனை பேர், படுக்கையருகே நின்று சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர் இருக்கிறாரா என்பது நீட் கூட்டத்தில் தெரியாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு இந்த மண்ணில் காரணம் உண்டு. 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டில் முதலிடம். அது வாசலைக் குறுக்கி வந்த உயர்வல்ல. ஜெர்மன் மிஷனரி ரிங்கல்தௌபே 1809-ல் மயிலாடியில் பள்ளி தொடங்கியபோது, திருவிதாங்கூரில் பள்ளிக்கூடத் திண்ணையில் ஏறவே அனுமதி இல்லாத சாதிகளின் பிள்ளைகளை உட்காரவைத்தார். அந்த வித்துதான் நாகர்கோவிலுக்கு நகர்ந்து, 1893-ல் கல்லூரி வகுப்புகளாகி, இன்றைய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக நிற்கிறது. அன்றைக்கு யாராவது சேர்க்கை விகிதம் போட்டு நட்சத்திரம் கொடுத்திருந்தால் மயிலாடிப் பள்ளிக்கு அரை நட்சத்திரம்கூடக் கிடைத்திருக்காது. பொதுப்பணத்தில் நடக்கும் கல்லூரியும் பல்கலைக்கழகமும் அகலமாகத் திறந்திருப்பது அதன் கடமையின் ஒரு பகுதி. அந்தக் கடமையைச் செய்ததற்காக அதைத் தரம் குறைந்தது என்று எழுதும் பட்டியலைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

தங்கை இயற்பியலில் சேர்ந்தாள். தம்பி முழு மனதோடு சம்மதித்தார் என்று சொல்ல முடியாது. எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் தேர்வு இருக்கிறது, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் முதுநிலைத் தேர்வு இருக்கிறது என்று எழுதிக் கொடுத்த பிறகே கையெழுத்துப் போட்டார். அவர் வேலையைப் பற்றிக் கேட்டதில் தவறே இல்லை. பிள்ளையைப் படிக்கவைக்க ரப்பர் விலையை நம்பி இருக்கிறவர் அதைத்தான் கேட்பார்.

எதைப் பார்க்கலாம்

அமெரிக்காவில் கல்வித் துறை நடத்தும் 'காலேஜ் ஸ்கோர்கார்டு' தளத்தில், கல்லூரி வாரியாகவும் துறை வாரியாகவும், எத்தனை பேர் முடிக்கிறார்கள், முடித்தவர்கள் என்ன சம்பாதிக்கிறார்கள், எவ்வளவு கடனோடு வெளியேறுகிறார்கள் என்று இலவசமாகப் பார்க்கலாம். அண்ணன் வீட்டில் கடைசியாக முடிவெடுக்க உதவியது ஏஜென்சியின் படம் அல்ல, அந்தத் தளம்.

நம் பக்கம் என்.ஐ.ஆர்.எஃப்.-ல் கலந்துகொள்ளும் ஒவ்வொரு கல்லூரியும் தான் அனுப்பிய விவரத்தைத் தன் இணையதளத்திலேயே போடவேண்டும். பெரும்பாலும் ஒரு பி.டி.எஃப். அதில் அனுமதிக்கப்பட்ட இடம், முதலாண்டில் சேர்ந்தவர்கள், குறித்த காலத்துக்குள் பட்டம் முடித்தவர்கள், வேலைக்குப் போனவர்களின் நடுமட்டச் சம்பளம், மேற்படிப்புக்குத் தேர்வானவர்கள், ஆசிரியர் ஒவ்வொருவரின் தகுதியும் பணிக்காலமும் இருக்கும். சேர்ந்தவர்களையும் முடித்தவர்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இடையில் காணாமல் போனவர்கள் எத்தனை என்று தெரியும். ஆசிரியர் பட்டியலில் ஒரு வருடம், இரண்டு வருடம் என்றே பணிக்காலம் வரிசையாக இருந்தால் அதற்கும் பொருள் உண்டு.

குறை என்னவென்றால், அந்த எண்கள் முழுக் கல்லூரிக்கும் சேர்த்தவை. இயற்பியலுக்குத் தனியாக, பி.சி.ஏ.வுக்குத் தனியாக இல்லை. தங்கை விஷயத்தில் நேரில் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தேர்வு நடத்தி மதிப்பெண் போடும் பல்கலைக்கழகத்திடம் துறை வாரியான கணக்கு இல்லாமல் இருக்காது. ஒவ்வொரு இணைவுக் கல்லூரியிலும் ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று எண்கள் போதும்: மூன்று வருடம் முன்பு சேர்ந்தவர்கள், இப்போது அரியர் இல்லாமல் முடித்தவர்கள், நிரந்தர ஆசிரியர்கள். பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன், ஏப்ரலிலேயே இவற்றைப் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றி, கல்லூரிகள் ரேங்க் லிஸ்ட் ஒட்டும் அதே பலகையில் ஒட்டச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். மாவட்டத்தின் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து இந்தக் கோரிக்கையை எழுதிக்கொண்டிருக்கிறோம். கையெழுத்துப் போட விரும்பும் பெற்றோர் தங்கள் பிள்ளையின் பள்ளி ஆசிரியரிடம் சொல்லலாம்.